ஓசியில் ஒரு இழுப்பு

2015 ஜூன் மாதம் ஹூஸ்டனில் அத்தான் வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் இருபது வருடமாகச் சிகரெட் பிடிப்பவர். மதுரையில் கல்லூரி நாளில் தொற்றிய பழக்கம், கடல் தாண்டியும் கூடவே வந்துவிட்டது. நாளைக்கு ஒரு பாக்கெட். அந்த வீட்டில் அக்காவுக்கும் அவருக்கும் நடந்த சண்டைகளில் பாதி அதனால்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "வா மாப்ளே, இன்னிக்கு இதுக்கு ஒரு வழி பண்ணிருவோம்" என்று கிளம்பினார். போய் நின்ற இடம் ஒரு வேப் கடை, அதாவது இ-சிகரெட் கடை.

உள்ளே நுழைந்ததும் பேக்கரி வாசம். நீளமான மரமேஜை. அதன் மேல் துளையிட்ட பலகையில் பேனாக்களைப்போல நாற்பது, ஐம்பது கருவிகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு காகிதச் சீட்டு: ஸ்ட்ராபெரி, கஸ்டர்ட், புதினா, காபி, மாம்பழம். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய குட்டிக் குட்டி சிலிக்கோன் மூடிகள். கருவியின் வாய்ப்பகுதியில் ஒன்றை மாட்டி இழுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் மூடியைக் கழற்றிக் குப்பையில் போட வேண்டும். அடுத்து வருபவருக்குப் புது மூடி. மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் அத்தானிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" பதிலைக் கேட்டுக்கொண்டு, மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள திரவத்தில் தொடங்கலாம் என்றார். அத்தான் பதினோரு சுவை பார்த்தார். மாம்பழத்தில் நின்றார். "நம்மூரு மல்கோவா மாதிரியே இருக்கு மாப்ளே." இத்தனைக்கும் ஒரு காசு வாங்கவில்லை. அதன் பிறகு ஒரு கருவியும் இரண்டு புட்டியும் விலைக்கு வாங்கினார்.

அதே மேஜையின் அந்தக் கோடியில் இரண்டு பையன்கள் நின்றார்கள். மீசை அரும்பாத முகங்கள். ஒருவனுக்குப் பல்லில் கம்பி. ஜாடியிலிருந்து மூடி எடுத்தார்கள், மாட்டினார்கள், இழுத்தார்கள், இருமினார்கள், ஒருவனைப் பார்த்து ஒருவன் சிரித்தார்கள். ஐந்தாறு சுவை பார்த்திருப்பார்கள். எதையும் வாங்காமல் போய்விட்டார்கள். அவர்களிடம் யாரும் வயது கேட்கவில்லை. கேட்கச் சொல்லும் மாநிலச் சட்டமும் அன்றைக்கு இல்லை. டெக்சாஸில் இ-சிகரெட் விற்பனைக்கு 18 வயது என்ற வரம்பு வந்ததே 2015 அக்டோபர் 1-ஆம் தேதிதான்.

என் அத்தானைச் சிகரெட்டிலிருந்து மீட்ட மேஜையும் அந்தப் பையன்களுக்கு நிகோட்டினை அறிமுகம் செய்துவைத்த மேஜையும் ஒன்றுதான். இந்த 'சாம்பிள்' விஷயத்தில் அரசாங்கங்கள் கை வைத்ததைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு கோடிகளும் சேர்ந்தே கண்ணில் வருகின்றன.

2016 ஆகஸ்ட் 8

அடுத்த வருடமே அந்த ஜாடிக்குக் கெடு வந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., 2016 மே மாதம் ஒரு விதியை வெளியிட்டது. அதுவரை சிகரெட், உருட்டும் புகையிலை, வாயில் போடும் புகையிலை ஆகியவற்றின் மேல் மட்டும் இருந்த தன் அதிகாரத்தை இ-சிகரெட், சுருட்டு, ஹூக்கா வரைக்கும் அது நீட்டியது. ஆகஸ்ட் 8-ஆம் தேதி விதி அமலுக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, 27 வயதுக்குக் குறைந்தவர் எவராயினும் புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பவற்றோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. இலவச சாம்பிள் கூடாது. சிறுவருக்கு மட்டுமல்ல, நாற்பது வயது ஆளுக்கும் கூடாது.

கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. சிகரெட்டில் ருசி பார்த்து வாங்க என்ன இருக்கிறது? வேப் அப்படியில்லை. நூற்றுக்கணக்கான சுவைகள், நான்கைந்து நிகோட்டின் அளவுகள், பல மாதிரிக் கருவிகள். அளவு குறைந்தால் புகைப்பவர் இரண்டே நாளில் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவார். கூடினால் தலை சுற்றி, அதோடு வெறுத்துவிடுவார். என் அத்தான் பதினோரு முறை இழுத்துப் பார்த்ததால்தான் தனக்கு ஒத்துப்போவதைக் கண்டுபிடித்தார். அதை நான் மறுக்க மாட்டேன், பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சிகரெட்டை விட முயல்பவர்களுக்கு நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம் போன்றவற்றைவிட நிகோட்டின் உள்ள இ-சிகரெட் அதிகம் உதவுகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2022-இல் உறுதியாகவே சொன்னது.

ஆனால் அந்த விதிக்கு எஃப்.டி.ஏ. கொடுத்த விளக்கத்தில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. வயது வந்த வாடிக்கையாளர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். அது இலவச சாம்பிள் ஆகாது. கடைக்குள்ளேயே கொஞ்சமாவது உபயோகித்தாலோ, காசு தராமல் எடுத்துக்கொண்டு போனாலோதான் குற்றம். இதை முதலில் படித்தபோது அதிகாரிகளின் வழக்கமான நூல் பிடிக்கும் வேலை என்றே நினைத்தேன். பிறகு யோசித்தால், விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. மாம்பழமா, புதினாவா என்பதை மூக்கு சொல்லிவிடும். மூக்கால் ஒன்றை மட்டும் கொடுக்க முடியாது. அதுதான் நிகோட்டின். நெஞ்சுக்குள் இழுத்த நிகோட்டின் பத்து, இருபது விநாடிக்குள் மூளையைத் தொடுகிறது. ஜவுளிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பதோ, மிட்டாய்க் கடையில் மைசூர்பாகு ஒரு விள்ளல் வாங்கி வாயில் போடுவதோ இதற்கு இணையாகாது. அங்கே கிடைப்பது சரக்கைப் பற்றிய தகவல். இங்கே கிடைப்பது சரக்கேதான், முதல் தவணையாக. சில கடைகள் நிகோட்டின் இல்லாத திரவத்தைத்தான் மேஜையில் வைத்திருந்தன என்பது உண்மை. நான் பார்த்த மேஜை அப்படியில்லை.

பழைய கதைதான்

புகைக்கும் பழக்கமுள்ள யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவரை, முதல் சிகரெட்டைக் காசு கொடுத்து வாங்கியதாக ஒருவர்கூடச் சொன்னதில்லை. சித்தப்பாவின் சட்டைப்பையில் திருடியது, விடுதி மொட்டைமாடியில் சீனியர் நீட்டியது, கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் நண்பன் கொடுத்தது. எல்லாமே ஓசி. இதைப் புகையிலைக் கம்பெனிகள் நமக்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தன. அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் குட்டிப் பாக்கெட்டுகளை நீட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ராணுவ வீரர்களின் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பிஸ்கட்டோடு சிகரெட்டும் இருந்தது. அது நின்றது 1975-இல். போருக்குப் போன எத்தனையோ இளைஞர்கள் புகைப்பவர்களாகத் திரும்பி வந்தார்கள்.

இந்த ஓசிக்கு முடிவுகட்ட எஃப்.டி.ஏ. முதலில் முயன்றது 1996-இல். டேவிட் கெஸ்லர் அதன் தலைவராக இருந்த காலம். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. புகையிலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் உங்களுக்குக் கொடுக்கவேயில்லை என்று 2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அந்த அதிகாரம் 2009 ஜூன் 22-ஆம் தேதி பராக் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் வந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து சிகரெட்டின் இலவச சாம்பிளுக்குத் தடை அமலானது. நடுவில் போனது பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்துக்குள்தான் சீன மருந்தாளுநர் ஹான் லிக் நவீன இ-சிகரெட்டை உருவாக்கி, அது அமெரிக்காவுக்கும் வந்து சேர்ந்திருந்தது. சட்டம் சிகரெட்டைப் பிடித்தபோது, சந்தை அடுத்த தெருவில் கடை விரித்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் சிக்குகிறார்கள்.

2013-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 4.5 சதவிகிதம் பேர் இ-சிகரெட் உபயோகித்தார்கள். 2014-இல் 13.4 சதவிகிதம். ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. 2015 ஜூனில், நான் ஹூஸ்டனில் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதம், நியூயார்க்கில் ஜூல் என்ற கருவி பாட்டும் கூத்துமாக அறிமுகமானது. பென் டிரைவ் போன்ற வடிவம். நிகோட்டினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கியதால் தொண்டையை அறுக்காமல் இறங்கும். அதனால் 5 சதவிகிதம் என்ற பெரிய அளவை முதல் தடவை இழுப்பவரும் தாங்கிக்கொள்வார். விருந்துகளில் அதை இலவசமாக விநியோகித்தார்கள். அந்த விருந்துகளையும் இலவச சாம்பிள்களையும் குற்றச்சாட்டில் வைத்தே முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பிற்பாடு ஜூல் கம்பெனியை விசாரித்தன. 2022 செப்டம்பரில் ஏறக்குறைய 44 கோடி டாலர் தர அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. செய்ய மாட்டோம் என்று அது உறுதி கொடுத்த பட்டியலில் இலவச சாம்பிளும் ஒன்று. அதற்குள் காலம் எங்கோ போயிருந்தது. 2019-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவிகிதம், அதாவது நாலில் ஒரு பிள்ளைக்கு மேல், இ-சிகரெட் உபயோகித்தார்கள். 2016-இல் வந்த தடை 2015-இல் நடந்த விருந்துகளைத் திரும்ப எடுக்க முடியாது.

சாம்பிள் பேசுமா?

தடையை எதிர்த்து, வேப் திரவம் தயாரிக்கும் நிகோப்யூர் என்ற புளோரிடா கம்பெனி வழக்குப் போட்டது. அதன் வாதங்களில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சாம்பிள் கொடுப்பது வாடிக்கையாளரிடம் பேசுவதற்குச் சமம், ஆகவே தடை எங்கள் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்பது அந்த வாதம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தின்கீழ் பாதுகாப்புக் கேட்டார்கள். 2017-இல் கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2019 டிசம்பர் 10-ஆம் தேதி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கார்னீலியா பில்லார்ட். பொருளைக் கையில் கொடுப்பது ஒரு செயல், அது பேச்சாகாது. ருசியைப் பற்றிச் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது, அவற்றை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருப்பது விலையே இல்லாமல் கொடுப்பதை மட்டும்தான் என்கிற ரீதியில் போகிறது தீர்ப்பு.

விலையே இல்லாமல் என்ற அந்த இடம் முக்கியம். ஏனென்றால் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். 2016 ஆகஸ்டுக்கு அப்புறம் அத்தானிடம் போனில் பேசியபோது, "மேஜை அப்படியேதான் இருக்கு மாப்ளே, ஒரு டாலர்னு ஒரு போர்டு வச்சிட்டான்" என்றார். ஒரு டாலர் கொடுத்தால் எத்தனை சுவை வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படியானால் சட்டம் பல்லில்லாப் பாம்புதானா என்று எனக்குக் கோபம் வந்தது.

நிதானமாகப் பார்த்தால் அந்த ஒரு டாலருக்கு மதிப்பு இருக்கிறது. காசு கை மாறிய நொடியில் அது 'விற்பனை' ஆகிவிடுகிறது. விற்பனை என்றால் பில் உண்டு, வயது வரம்பு உண்டு, அடையாள அட்டை காட்ட வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து வயது வரம்பு நாடு முழுக்க 21. அட்டையைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற வயதையும் 2024 செப்டம்பரில் 27-லிருந்து 30 ஆக்கிவிட்டார்கள். மீறினால் முதலில் எச்சரிக்கைக் கடிதம், பிறகு அபராதம். ஜாடியிலிருந்து தானாக மூடி எடுத்து மாட்டிக்கொண்ட அந்தக் கம்பிப் பல் பையன், ஒரு டாலர் நீட்ட வேண்டியிருந்தால் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அவன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இலவசத்துக்கு அந்தப் பார்வைகூடத் தேவைப்படவில்லை. ஆனாலும் ஒரு டாலர் போதாது என்பதே என் எண்ணம். சுவைத்துப் பார்க்க ஒரு சிறிய புட்டியின் விலையாவது வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே சிகரெட்டை விட வந்தவர் அதைக் கொடுப்பார். வேடிக்கை பார்க்க வந்தவர் கொடுக்க மாட்டார்.

லண்டனில் இருந்த ஓட்டை

விற்பனை என்ற சொல்லுக்கு எத்தனை கனம் என்பதை இங்கிலாந்து ரொம்பத் தாமதமாகக் கண்டுகொண்டது. அங்கே 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு வேப் விற்பது 2015 அக்டோபரிலிருந்தே குற்றம். சும்மா கொடுப்பது? அது குற்றமாக எழுதப்படவேயில்லை. பத்து வயதுப் பையனிடம் ஒரு பவுண்டுக்கு விற்றால் வழக்கு. இனாமாகக் கொடுத்தால் ஒன்றுமில்லை. எட்டு வருடம் அப்படியே கிடந்தது. 2023 மே மாதக் கடைசியில், அப்போது பிரதமராக இருந்த ரிஷி சுனக் அந்த ஓட்டையை அடைக்கப்போவதாக அறிவித்தார். ஆட்சி மாறி, 2024 நவம்பரில் லேபர் அரசு கொண்டுவந்த மசோதாவிலும் இலவச விநியோகத் தடை இடம்பெற்றது.

அதே 2023-இல், சுனக்கின் அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்பு, அதே அரசு இன்னொன்றையும் சொல்லியிருந்தது: சிகரெட்டை விட விரும்பும் 10 லட்சம் பேருக்கு வேப் கருவியை அரசே இலவசமாகக் கொடுக்கும், கூடவே ஆலோசனையும் தரும். முரண்பாடு என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்கிற கை எது என்பதுதான் கேள்வி. ஆலோசகர் கொடுக்கும்போது, எதிரில் இருப்பவர் ஏற்கெனவே புகைப்பவரா என்று தெரிந்துகொண்டு கொடுக்கிறார். அந்த ஆள் ஒருநாள் அதையும் விட்டுவிட்டால் அவருக்குச் சந்தோஷம். வியாபாரி கொடுக்கும்போது, எதிரில் இருப்பவர் நாளைக்கும் வர வேண்டும், அடுத்த மாதமும் வர வேண்டும். என் அத்தானுக்கு அந்தப் பதினோரு இழுப்பு தேவைப்பட்டது. அதை ஒரு கிளினிக்கில் ஒரு நர்ஸ் கொடுத்திருக்கலாம். அமெரிக்காவில் அதற்கு வழியில்லை. சிகரெட்டை விடுவதற்கான மருந்தாக எந்த இ-சிகரெட்டும் அங்கே அங்கீகாரம் பெறவில்லை. அதனால் அவர் மாம்பழ வாசத்துக்கு நடுவே, இரண்டு பையன்களோடு ஒரே மேஜையில் நின்றார்.

நம் நாட்டில் இந்த மேஜையே சட்டவிரோதம். 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றோடும் விநியோகம் என்ற சொல்லையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்து விட்ட ஓட்டை இங்கே இல்லை. முதல் முறை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை மூன்று வருடம், ஐந்து லட்சம். எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சென்னையில் கல்லூரிப் பிள்ளைகள் கையில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அவர்களுக்கும் முதல் இழுப்பை யாரோ ஒரு நண்பன்தான் ஓசியில் நீட்டியிருப்பான். அந்தக் கையைச் சட்டத்தால் பிடிப்பது சுலபமில்லை. அது வீட்டிலும் வகுப்பறையிலும் பேச வேண்டிய விஷயம். நம் வீடுகளில் அது இன்னும் பேசப்படுவதில்லை.

2024 கடைசியில் மறுபடி ஹூஸ்டன் போனேன். அத்தான் சிகரெட்டை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. 12-லிருந்து 6, 6-லிருந்து 3 என்று இறங்கி, பிற்பாடு கருவியையும் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாராம். பார்க்கலாமே என்று அதே கடைக்குப் போனோம். வாசலிலேயே அட்டை கேட்டார்கள். நரைத்த தலையோடு அத்தான் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார், நான் பாஸ்போர்ட்டை. துளையிட்ட பலகை இல்லை, சிலிக்கோன் மூடி ஜாடி இல்லை. அந்த இடத்தில் வரிசையாகச் சின்னப் புட்டிகள். கடைப் பெண் ஒன்றைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். மாம்பழம்.

"இழுத்துப் பார்க்கணும்னா காசு" என்று அத்தான் என் காதில் சொன்னார்.

அவருடைய பையனுக்கு அப்போது பதினைந்து வயது. காரிலேயே உட்கார்ந்திருந்தான். நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்ததும், "என்ன ஸ்மெல்?" என்று கேட்டான். அத்தான் வண்டியைக் கிளப்பவில்லை. பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, மதுரையில் தன் விடுதி மொட்டைமாடியில் சீனியர் ஒருவர் நீட்டிய முதல் சிகரெட்டிலிருந்து சொல்லத் தொடங்கினார்.